வெட்டிய காட்சி கதையில் சேருமா?

திரைப்படமாயினும் தொலைக்காட்சித் தொடராயினும், எடுத்தது முழுவதையும் நாம் காண்பதில்லை. எடுத்தவற்றுள் ஒரு பகுதியே நம் கண்ணுக்கு வருகிறது. மீதி தொகுப்பாளரின் மேசையோடு நின்றுவிடுகிறது. நேரம் போதவில்லை என்று ஒரு காட்சி போகும். கதை தொய்கிறது என்று மற்றொன்று போகும். தணிக்கையாளர் ஒப்பவில்லை என்று வேறொன்று போகும். அரை மணி நேரத் தொடராயின் விளம்பரங்களுக்கும் இடம் விட்டாக வேண்டும். ஆகவே கத்தரிக்கு வேலை இன்னும் மிகுதி. முன்னாளில் இவ்வாறு நீக்கியவை பெரும்பாலும் குப்பைக்கே போயின. இந்நாளிலோ ‘நீக்கப்பட்ட காட்சிகள்’ என்ற தலைப்போடு குறுந்தகட்டிலும் இணையத்திலும் அவை நம்மைத் தேடி வருகின்றன.

வந்தவுடன் ஒரு வழக்கும் கூடவே வருகிறது. ஒரு தொடரில் மகள் தாயைக் கடிந்து பேசிவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒளிபரப்பிய பகுதியில் அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆனால் வெட்டிய காட்சி ஒன்றில் வாசற்படியில் நின்று அழுகிறாள். அப்படியானால் அவள் அழுதாளா, அழவில்லையா? ‘எடுத்தார்கள் அல்லவா? ஆகவே அழுதாள்’ என்பர் சிலர். ‘காட்டவில்லையே! ஆகவே அழவில்லை’ என்பர் வேறு சிலர். அந்த ஒரு காட்சியை ஏற்றால் அவள் ஒருத்தி, ஏற்காவிட்டால் வேறொருத்தி. இது வெறும் பொழுதுபோக்கு வாதம் என்று தள்ளிவிட வேண்டா. நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக நடத்திவரும் வழக்கே இது. அதனைச் சிறிது விரித்துக் காண்போம்.

அளவுகோல் எது?

ஒரு கதையில் இது சேரும், இது சேராது என்று வரையறுக்கும் தொகுதியை ஆங்கிலத்தில் ‘கேனன்’ என்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘கானோன்’ என்றால் நாணற்கோல். அதாவது தச்சர்கள் நீளம் அளக்கும் அளவுகோல். திருச்சபை இச்சொல்லை மறைநூலின் வரிசைக்குப் பயன்படுத்தியது. தமிழில் இதற்குத் ‘திருமுறை’ என்ற அழகிய சொல் அமைந்தது. சைவர்களும் தம் பன்னிரு தொகுதிகளை இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

அளவுகோல் ஒன்றாக இருந்தாலும் அளந்தவர்கள் எல்லாரும் ஒரே கணக்குச் சொல்லவில்லை. 1546ல் திரிதெந்து பொதுச் சங்கம் உறுதிசெய்த வரிசைப்படி கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன. சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் 66 நூல்களே உள்ளன. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை அங்கே இல்லை. பொய்க் குற்றம் சாட்டப்பட்டுச் சாகப் போன சூசன்னாவை இளைஞர் தானியேல் காப்பாற்றிய வரலாறு நம் நூலில் தானியேல் 13ஆம் அதிகாரம். மற்றச் சபைத் தோழியின் வேதாகமத்திலோ தானியேல் 12ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடும். ஆயினும் மார்ட்டின் லூதர் 1534ல் வெளியிட்ட செருமானிய வேதாகமத்தில் இந்நூல்களை எறிந்துவிடவில்லை. மறைநூலுக்கு நிகரல்ல, ஆயினும் படிக்க நல்லவை என்ற குறிப்போடு இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியே வைத்தார். ‘தனியே வைத்தல்’ என்னும் இம்முறையை நினைவில் கொள்வோம், பின்னால் பயன்படும்.

வெட்டும் ஒட்டும்

நம் வட்டாரத்துப் பெண்களுக்குத் துணியைக் கொண்டு விளக்கினால் எளிதில் புரியும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வெட்டும்போது கழிவு விழுகிறது. அதே நூல், அதே சாயம், அதே எந்திரம். ஆனாலும் கீழே விழுந்த துண்டைப் பனியன் என்று யாரும் சொல்வதில்லை; ‘வேஸ்ட்’ என்றே சொல்கிறோம். படைத்தவரே தம் விருப்பத்தோடு நீக்கிய காட்சி இத்தகையது. அது அவர் கைத்துணிதான். ஆனால் அவர் தைத்த சட்டை அன்று. இதனை ‘வெட்டு’ எனலாம்.

இதற்கு நேர்மாறானது ‘ஒட்டு’. தைத்து முடித்த சட்டையில் பிற்காலத்தார் ஒருவர் வேறு துணியை வைத்துத் தைத்துவிடுகிறார். காலம் செல்லச் செல்லச் சாயம் ஒன்றாகிவிடுகிறது. எது பழையது எது புதியது என்று தெரிவதில்லை. தமிழ்ப் புலவர்கள் இதனை ‘இடைச்செருகல்’ என்கிறார்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. தைத்தவர் மனமொப்பி வெட்டவில்லை. அதிகாரத்தில் உள்ளவர் வெட்டச் சொன்னார். இதனைக் ‘கத்தரிப்பு’ என்போம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே பாதி வாதம் பிறக்கிறது.

கம்பன் பாட்டும் வெள்ளிப் பாட்டும்

ஒட்டுக்குத் தலையாய எடுத்துக்காட்டு கம்பராமாயணம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருநூல் அது. அச்சு வருமுன் ஏட்டிலே எழுதி எழுதியே அது வாழ்ந்தது. ஏடு எழுதுவோர் ஓரத்தில் குறித்து வைத்த பாட்டை அடுத்துப் படியெடுப்பவர் நூலுக்குள்ளே சேர்த்துவிடுவார். கதை சொல்லும் புலவர் அவைக்காகப் பாடிய பாட்டும் ஏட்டில் ஏறிவிடும். இவ்வாறு புகுந்த பாடல்களுக்கு ‘வெள்ளிப் பாட்டு’ என்றே ஒரு பெயர் வழங்குகிறது. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் பாடிச் சேர்த்தமையால் வந்த பெயர் என்பர்.

பதிப்பாசிரியர்கள் என்ன செய்தார்கள்? பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில ஏடுகளில் மட்டும் இருந்து மற்றவற்றில் இல்லாதவற்றையும், நடை ஒவ்வாதவற்றையும் பிரித்தெடுத்து ‘மிகைப் பாடல்கள்’ என்ற தலைப்பில் தனியே அச்சிட்டார்கள். நமக்கு அண்மையில் உள்ள கோவை கம்பன் அறநிலையார் உரையோடு வெளியிட்ட பதிப்பிலும் மிகைப் பாடல்கள் உண்டு. நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள்.

எல்லாரும் இவ்வளவு பொறுமையோடு இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், தம் சுவையையே உரைகல்லாகக் கொண்டு பெரும்பகுதியைக் கம்பன் வாக்கன்று என்று விலக்கிவிட்டார். எஞ்சியதை ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று வெளியிட்டார். கம்பனிடத்தில் அவருக்கு இருந்த அன்பை எவரும் ஐயுறவில்லை. ஆயினும் ‘எனக்கு இனிக்கவில்லை, ஆகவே கம்பன் பாடவில்லை’ என்பது அளவுகோலாகுமா என்று புலவர்கள் கேட்டார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் திருக்குறளின் முதல் மூன்று அதிகாரங்கள் வள்ளுவர் வாக்கல்ல என்று கருதினார். ஆயினும் இன்றும் நம் மேடைகளில் திருக்குறள் கடவுள் வாழ்த்தோடுதான் தொடங்குகிறது.

கம்பன் காலத்திலேயே இவ்வழக்கு நடந்ததாகவும் ஒரு செவிவழிக் கதை உண்டு. இரணியன் வதைப் படலம் வான்மீகியில் இல்லாதது. கம்பன் புதிதாகச் சேர்த்தது. திருவரங்க அரங்கேற்றத்தில் ‘முதல் நூலில் இல்லாததை எப்படிப் பாடலாம்?’ என்று சிலர் தடுத்தார்களாம். அப்போது மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டாராம். இது நடந்ததா என்பது கிடக்கட்டும். ‘மூலத்தில் இல்லையே’ என்னும் கேள்வி எவ்வளவு பழையது என்பதை இக்கதை காட்டுகிறது அல்லவா?

நாட்டின் நினைவில் நின்றவை

இதனினும் வியப்பானது ஒன்று. இலக்குமணன் கோடு கிழித்துவிட்டுப் போனான், சீதை அக்கோட்டைத் தாண்டினாள் என்பதை அறியாதார் யார்? அக்கோடு வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. சேது கட்டுகையில் உதவிய அணிலும் அவ்விருவர் நூலிலும் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் அணில் வருகிறது. ஆயினும் ‘அணில் போல உதவினாள்’ என்று நாம் சொல்லாத நாளில்லை.

மகாபாரதத்துக்கு வருவோம். வியாசர் சொல்ல விநாயகர் தம் தந்தத்தால் எழுதினார் என்பது நாமெல்லாம் பாட்டி வாயிலாகக் கேட்ட செய்தி. புனே நகரத்துப் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919ல் தொடங்கி 1966ல் முடித்த ஆய்வுப் பதிப்பில் இக்காட்சி நூலின் உள்ளே இல்லை. பழமையான சுவடிகள் பலவற்றில் காணாமையால் பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. அதற்காகப் பாட்டிமார் கதையை மாற்றிக்கொண்டார்களா? இல்லை; மாற்றவும் வேண்டியதில்லை. ‘வியாசர் நூலில் இருந்ததா?’ என்பது ஒரு கேள்வி. ‘நம் நாட்டுக் கதையில் இருக்கிறதா?’ என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்கு ஏடு விடை சொல்லும். இரண்டாவதற்கு மக்கள் விடை சொல்வார்கள்.

நம் மறைநூலிலும் இதற்கு ஒத்தது உண்டு. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய வந்தவர்களை இயேசு நாணிப் போகச் செய்த பகுதி யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மிகப் பழைய கைப்படிகள் சிலவற்றில் இப்பகுதி காணப்படவில்லை என்று அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆயினும் திருச்சபை இதனைத் திருமுறையாகவே ஏற்றுப் போற்றுகிறது.

தொலைக்காட்சி தந்த சான்று

இனி, தொலைக்காட்சிக்கே வருவோம். இராமானந்த சாகரின் ‘இராமாயணம்’ 1987 சனவரி 25ஆம் நாள் முதல் 1988 சூலை 31 வரை ஞாயிறு காலைதோறும் தூர்தர்சனில் ஒளிபரப்பாயிற்று. இந்தி அறியாத நம் பக்கத்து வீடுகளிலும் மக்கள் கூடிப் பார்த்தார்கள். வான்மீகி, துளசிதாசர், கம்பர் முதலிய பலரின் நூல்களைத் துணைக்கொண்டதாக ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் அறிவித்தார்கள். அத்தொடர் முடிசூட்டு விழாவோடு முடிந்தது.

முடிசூட்டுக்குப் பின் வரும் உத்தர காண்டம் முதலில் விடப்பட்டது. அது வான்மீகி பாடியதுதானா என்பதிலேயே அறிஞரிடையே வழக்கு உண்டு. யுத்த காண்டத்தின் முடிவிலேயே ‘இதனைப் படிப்போர் பெறும் பயன்’ சொல்லப்பட்டுவிடுகிறது. பழைய படங்களின் இறுதியில் ‘சுபம்’ என்று போடுவார்களே, அதுபோல. ‘சுபம்’ போட்ட பின் மேலும் ஒரு கதை தொடருமானால் அது பிற்காலத்தது என்பது அவர்கள் வாதம். கம்பனும் ஆறு காண்டங்களோடு நின்றுவிட்டான். தமிழில் வழங்கும் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகவே மரபு கூறுகிறது.

ஆனால் வட நாட்டில் துப்புரவுத் தொழிலாளர் பலர் தம்மை வான்மீகி வழியினர் என்று கருதுபவர்கள். வான்மீகி முனிவரே கதைக்குள் வந்து, கைவிடப்பட்ட சீதைக்கு அடைக்கலம் கொடுத்து, இலவனையும் குசனையும் வளர்ப்பது உத்தர காண்டத்திலேதான். அக்காண்டத்தை விட்டுவிட்டால் தங்கள் முனிவர் கதையிலிருந்தே விலகிவிடுகிறார் அல்லவா? 1988ல் ஜலந்தர் முதலிய நகரங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருவிலே குப்பை குவிந்தது. பின்னர் உத்தர இராமாயணமும் தொடராக எடுக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று.

இதிலே பெண்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முடிசூட்டோடு நிறுத்தினால் சீதை அரியணையில் அமர்ந்திருக்கிறாள். உத்தர காண்டத்தைச் சேர்த்தால் ஊரார் பேச்சுக்காகக் கருவுற்ற நிலையில் காட்டுக்கு அனுப்பப்படுகிறாள். இறுதியில் மீண்டும் ஒருமுறை தன் தூய்மையை மெய்ப்பிக்க மறுத்து நிலமகள் மடியில் மறைகிறாள். ஒரு பகுதியைச் சேர்ப்பதும் விடுவதும் ஒரு பெண்ணின் வாழ்வையே மாற்றிவிடுகின்றன. ‘அத்துன்பம் கதையில் வேண்டா, வெட்டிவிடுங்கள்’ என்பார்க்கும் நியாயம் உண்டு. ‘வெட்டிவிட்டால் அவளுக்கு இழைத்த தீங்கும் மறைந்துபோகும், அவள் சொன்ன கடைசி மறுப்பும் மறைந்துபோகும்’ என்பார்க்கும் நியாயம் உண்டு. 1963ல் வெளிவந்த ‘லவகுசா’ படத்தைத் தமிழ் மக்கள் கண்ணீரோடு கண்டார்கள். கம்பன் பாடாத கதைதான்; ஆயினும் அவள் கண்ணீரை ஊர் மறக்க ஒப்பவில்லை.

கத்தரியின் ஆட்சி

கத்தரிப்புக்குச் சான்று ‘ஷோலே’ என்னும் இந்திப் படம். 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்தது. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. கையிழந்த தாக்கூர், ஆணி பதித்த காலணியால் கொள்ளைக்காரன் கப்பர் சிங்கை மிதித்துக் கொல்வதாகவே இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்திருந்தார். முன்னாள் காவல் அதிகாரி சட்டத்தைத் தம் கையில் எடுப்பதைத் தணிக்கைக் குழு ஒப்பவில்லை. காவலர் வந்து தடுப்பதாக முடிவை மாற்றி எடுத்தார்கள். அம்முடிவையே திரையரங்குகளில் மக்கள் தலைமுறைதோறும் கண்டார்கள். 2025ல், முதலில் எடுத்த முடிவோடும் நீக்கிய காட்சிகளோடும் செப்பம் செய்த படம் இத்தாலி நாட்டுப் போலோஞா நகர விழாவில் காட்டப்பட்டது. இனி எது மெய்யான முடிவு? படைத்தவர் எண்ணியது ஒன்று. ஐம்பது ஆண்டு மக்கள் மனத்தில் வாழ்ந்தது மற்றொன்று. ஒன்றை மற்றதால் அழித்துவிட முடியாது. இரண்டும் இரு பாடங்கள் என்று கொள்வதே நேர்மை.

பாட்டுப் புத்தகத்தில் மட்டும்

நம் உடுமலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பூளவாடியில் 1899ல் பிறந்து 1981ல் மறைந்த உடுமலை நாராயண கவியின் பாடல்கள் திரையை ஆண்ட காலத்தில், கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று அச்சிட்டிருப்பார்கள். படத்தின் நீளம் மிகுந்தால் முதலில் கத்தரி விழுவது பாட்டின் மீதுதான். ஆகவே புத்தகத்திலும் இசைத்தட்டிலும் இருந்து, படத்தில் மட்டும் இல்லாத பாடல்கள் தமிழில் பல உண்டு. இளையராசா இசையில் எஸ். ஜானகி பாடிய காலைப்பொழுதுப் பாட்டு, 1981ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தின் இசைத்தட்டில் இருக்கிறது, படத்தில் இல்லை. ஆயினும் அப்பாட்டை எவரைக் கேட்டாலும் அப்படத்தின் பாட்டு என்றே சொல்கிறார்கள். பாட்டு என்ற முறையில் அது அப்படத்துக்கு உரியது. கதை என்ற முறையில் அதில் ஒன்றும் நிகழவில்லை. இவ்வாறு பிரித்துப் பார்த்தால் வழக்குத் தீர்ந்துவிடுகிறது.

நான்கு கேள்விகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து நான்கு கேள்விகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வெட்டியவர் யார்? படைத்தவரே கதைக்கு ஒவ்வாது என்று நீக்கினால், அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்றே பொருள். அதனைக் கதையில் சேர்ப்பது, ஒருவர் எழுதிக் கிழித்த கடிதத்தைத் தபாலில் போடுவது போலாகும். பிறர் வற்புறுத்தி நீக்கினாராயின் அவ்வாறு சொல்ல இயலாது.

இரண்டாவது, ஏன் வெட்டினார்? நேரம் போதாமையால் மட்டும் நீக்கிய காட்சி, காட்டிய கதைக்கு மாறாக இல்லாதவரை, ‘நடந்திருக்கலாம்’ என்று கொள்ளத் தடையில்லை.

மூன்றாவது, பின்னால் வருவது என்ன சொல்கிறது? அடுத்த வாரத் தொடரில் தாய், ‘அன்று நீ வாசலில் அழுதாயே’ என்பாளாயின், வெட்டிய காட்சி கதைக்குள் வந்துவிட்டது. ‘நீ அன்று ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லையே’ என்பாளாயின், அக்காட்சி தள்ளுபடியாகிவிட்டது. இரண்டும் இல்லையெனில் வழக்கு நிலுவையிலேயே இருக்கட்டும்.

நான்காவது, மக்கள் ஏற்றார்களா? கோடும் அணிலும் இவ்வழியேதான் நம்மிடம் வந்தன. ஆனால் மக்கள் ஏற்றமையால் அவை வான்மீகி வாக்காகிவிடா. மக்கள் வாக்காகவே நிற்கும்.

ஆகவே, வெட்டிய காட்சி கதையில் சேருமா என்றால், ‘பொதுவாகச் சேராது, ஆனால் எறியவும் கூடாது’ என்பதே நம் விடை. காட்டியதே கதை, வெட்டியது அக்கதை பிறந்த வரலாறு. கம்பன் பதிப்பாசிரியர்கள் கற்றுத்தந்த வழி இதுவே. ஐயத்துக்கு உரியதை உள்ளே கலக்கவில்லை. வெளியே வீசவும் இல்லை. பெயரிட்டுத் தனியே வைத்தார்கள். அதனால் இன்றும் நாம் படித்து, நாமே எடை போட முடிகிறது.

தோழியரே! நம் அன்றாட வாழ்விலும் இப்பழக்கம் நல்லது. ஒருத்தி சொன்னதை மற்றொருத்தியிடம் சொல்லும்போது அவள் சொன்னது எது, நாம் ஊகித்தது எது, ஊரார் சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்லிப் பழகுவோம். சூசன்னாவைச் சாவின் வாயிலுக்குக் கொண்டுபோனது இருவர் ஒட்டிச் சேர்த்த ஒரு பொய்க் காட்சி. தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்டார். ஒருவர் சொன்ன மரம் மற்றவர் சொன்ன மரமாக இல்லை. ஒட்டு அவிழ்ந்தது, ஓர் உயிர் பிழைத்தது.